ஓட்டு மாற்றி வந்தவர்களும் பாறைக்குழியும்

கரட்டுப்புதூர் ஊராட்சித் தலைவர் குமாரசாமி வாக்குத் தவறியவர். தவறியது போதாதென்று அதை மறைக்க என்னைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறார்.

போன கிராம சபைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இது: "பாறைக்குழியை மூடறது இன்னிக்கு நேத்து முடிவு பண்ணுனதில்லீங்க. முன்னாலயே கிராம சபையில பேசி முடிச்சதுங்க. அன்னிக்கு ஒருத்தருமே வேண்டாம்னு சொல்லலை. வேணும்னா அதா, நம்ம பழைய கிளார்க்கு உக்காந்திருக்கறாரு, அவரையே கேளுங்க."

கேளுங்க என்று சொன்னாரே தவிர, கேட்க விடவில்லை. நான் எழுந்து நின்றேன். அதற்குள் அடுத்த பொருளைப் படிக்கச் சொல்லிவிட்டார். நான் நின்றபடியே கத்தினேன். ஸ்பீக்கருக்கு முன்னால் என் தொண்டை எம்மாத்திரம்.

நம் ஊராட்சிச் செயலர் சங்க இதழில் பணி அனுபவம் எழுதித் தரச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். எனக்குத் தீர்மானம் எழுதத்தான் வரும், கட்டுரை வராது என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன். நயமாக இருக்காது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கல் குவாரி ஊர். என் அப்பா அங்கே பாறையில் குழி போடுகிற வேலை செய்தார். மதியம் வெடி வைப்பார்கள். அதற்கு முன் ஒருவர் சிவப்புக் கொடியோடு ரோட்டில் நின்று பஸ்ஸை மறிப்பார். பக்கத்து ஊரான பூண்டியில் சாமி சிலை செதுக்குகிறவர்கள் எங்கள் கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அது ஜல்லிக்குத்தான் ஆகும். நெருப்பெரிச்சல் என்கிற ஊர்ப் பக்கம் இன்றைக்கு நிற்கிற பனியன் கம்பெனிகள் பலவற்றின் அஸ்திவாரத்துக்கு எங்கள் ஊர்க் கல்தான் போனது.

நான் பத்தாவது முடித்துவிட்டுப் பகுதிநேர எழுத்தராக ஊராட்சியில் சேர்ந்தேன். பிற்பாடு அந்த வேலைக்கே ஊராட்சிச் செயலர் என்று பெயர் வந்தது. வீட்டு வரி ரசீது போடுவது, தெருவிளக்கு பியூஸ் போனால் லைன்மேனைத் தேடுவது, மோட்டார் ரிப்பேரானால் திட்டு வாங்குவது. பயிற்சி என்று ஒன்றும் பெரிதாக இல்லை. இரண்டு நாள் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்துச் சட்டப் புத்தகம் படித்தார்கள், சாப்பாடு போட்டார்கள், அனுப்பிவிட்டார்கள். மிச்சமெல்லாம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டதுதான்.

நான் வேலைக்கு வந்து சில வருடங்களில் குவாரி நின்றது. ஆழம் போகப் போக ஊற்று வந்துவிட்டது. குத்தகையும் முடிந்தது. குத்தகைக்காரர் கம்ப்ரஸரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். வேலி போட்டுத்தான் குழியை ஒப்படைக்க வேண்டும் என்று குத்தகையில் உண்டு. எவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய குழி, நடு ஊரில், திறந்தபடியே கிடந்தது. மழைத் தண்ணீரும் ஊற்றும் சேர்ந்து நிரம்பியது.

குழியோரத்தில் நிலம் மலிவு. அதனால் அங்கே லைன் வீடுகள் வந்தன. ஒரே கூரை, ஒரே சுவர், அறைக்கு ஒரு கதவு, வரிசைக்குப் பொதுவாக ஒரு ஆழ்துளைப் போர். குடிவந்தவர்கள் தூத்துக்குடிப் பக்கம், திருநெல்வேலிப் பக்கம், விருதுநகர் பக்கம். எல்லாரும் கம்பெனி வேலைக்காரர்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கல் உடைப்பதை விட்டுவிட்டு வாடகை வாங்க ஆரம்பித்தார்கள்.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் பாதிக் கிணறு சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீரில் கெட்டுப்போனது. போர் போட்டால் வருகிற தண்ணீரில் சோப்பு நுரைக்காது. ஆனால் குழியை ஒட்டி இருக்கிற போரில் மட்டும் சில மாதம் முன்பு வரை நல்ல தண்ணீர். குழி மேட்டில் இருக்கிறது, நல்ல பாறை, சாயம் அங்கே ஏறவில்லை. லைன் வீட்டுக்காரர்கள் குடிப்பது, சமைப்பது, குளிப்பது எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். ஊராட்சிக் குழாயில் அவர்களுக்குத் தண்ணீர் வந்தால் அது தீபாவளி.

இனிமேல் நம் தொழிலைச் சொல்கிறேன். கிராம சபை எப்படி நடக்கும் என்பது செயலர்களுக்குத் தெரியும். வெளியில் இருப்பவர்களுக்குத்தான் தெரியாது. முதலில் கையெழுத்து, பிறகுதான் பேச்சு. நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்கள் கொடிக்கம்பத்தடியில் வந்து உட்காருவார்கள். அவர்கள் தலையை எண்ணினால் போதுமான ஆள் சேர்ந்துவிடும். தீர்மானத்தை வேகமாகப் படிப்போம். தலைவர் "சரிதானுங்களே?" என்பார். யாராவது இருமினால்கூடச் சரி என்று எடுத்துக்கொண்டு "ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதுவோம். எல்லா ஊரிலும் இதுதான் நடந்தது. இல்லை என்று சொல்கிற செயலர் எனக்குக் கடிதம் போடட்டும்.

இந்தப் பழக்கத்தை எங்கள் ஊரில் உடைத்தவர் வட்டார வளர்ச்சி அலுவலராக வந்த கோமதி அம்மா. அவரைப் போல ஒரு மேலதிகாரியை நான் முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. பாராட்டுக்காகச் சொல்லவில்லை. அவரிடம் எனக்குப் பயம். கொஞ்சம் கோபமும் உண்டு.

ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார். மேடையில் போட்ட நாற்காலியில் உட்கார மாட்டார். கடைசி வரிசையில் பெண்களோடு உட்கார்ந்து கைப்பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து உரிப்பார். தொலியைக் கைக்குட்டையில் சேர்ப்பார். குரலை உயர்த்தியதே இல்லை. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. "செயலர்" என்றுதான் கூப்பிடுவார்.

முதல் கூட்டத்தில் நான் வழக்கமான வேகத்தில் ஒரு தீர்மானத்தைப் படித்தேன். "செயலர், எனக்குக் காது கொஞ்சம் மந்தம். திரும்பப் படிங்க" என்றார். படித்தேன். "இன்னொரு தரம்" என்றார். அவர் காதுக்கு ஒரு கேடும் இல்லை. மூன்றாம் முறை நான் மெதுவாகப் படித்து முடித்ததும், பக்கத்தில் இருந்த பெண்ணிடம் திரும்பி, "ஏம்மா, இப்ப என்ன முடிவாச்சு?" என்று கேட்டார்.

அந்தப் பெண் யோசித்துவிட்டு, "டீயோட வடை உண்டுங்களா, வெறும் டீதானுங்களான்னு இன்னும் முடிவாகலீங்க" என்றாள்.

கூட்டமே சிரித்தது. கோமதி அம்மா சிரிக்கவில்லை. "ஏகமனதாகன்னு எழுதீட்டீங்களா செயலர்? அடிச்சிருங்க" என்றார். அன்றிலிருந்து எங்கள் ஊரில் தீர்மானத்தை மெதுவாகப் படிப்போம், கை தூக்கச் சொல்லி எண்ணுவோம். இதற்காக என்னை மற்ற ஊராட்சிச் செயலர்கள் கேலி செய்தார்கள். செய்துகொள்ளட்டும்.

இப்போது பாறைக்குழி விஷயம். குமாரசாமி முதல் முறை தலைவராக இருந்தபோது ஊராட்சியின் வளர்ச்சித் திட்டம் தயாரானது. அதில் அவர் ஒரு பொருளைச் சேர்த்தார். கம்பெனிகளின் கட்டிங் துணிக்கழிவு, பாலிதீன், மண் எல்லாம் கொட்டிக் குழியை மூடிவிட்டு, மேலே சமுதாயக்கூடம் கட்டுவது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். குழியில் குழந்தை விழுந்துவிடும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் அதற்கு வேலி போதும். குழிக்கு அந்தப் பக்கம் இருக்கிற காடு, அதாவது மானாவாரி நிலம், குமாரசாமியின் பங்காளிகளுடையது. குழி இருக்கும்வரை அந்தக் காட்டுக்கு லாரி போக வழி கிடையாது. மூடிவிட்டால் நிலம் விலை ஏறும். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். எழுதினால் என்ன?

கூட்டம் மே தினத்தில் நடந்தது. கம்பெனிகளுக்கு லீவு. லைன் வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். அதுவரை அவர்கள் கிராம சபைக்கு வந்ததே இல்லை. கொடிக்கம்பத்தைச் சுற்றி இடமில்லாமல் ரோடு வரைக்கும் நின்றார்கள். பொருளைப் படித்தேன், மெதுவாக. படித்து முடிக்கும் முன் ஒரு பெண் எழுந்தாள். பெயர் மரியபுஷ்பம். ஓவர்லாக் டெய்லர். தூத்துக்குடிப் பக்கம்.

"அய்யா, ஒரு நிமிசம். அந்தக் குழித் தண்ணிதான் எங்க போருக்கு வருது. அதுல துணிக்கழிவையும் சாக்கடையையும் கொட்டிட்டு, மேல கல்யாண மண்டபம் கட்டுதோம்னு சொல்லுதிய. கல்யாணத்துக்கு நாங்க வரணும்னா உயிரோட இருக்கணும்லா?"

குமாரசாமி கோபப்படவில்லை. அவர் ஒருநாளும் கோபப்பட மாட்டார். அதுதான் அவரிடம் இருக்கிற ஆபத்து. சிரித்துக்கொண்டே கேட்டார். "ஏனுங் அம்மணி, உங்களுக்கு ஓட்டு எந்த ஊர்லீங்க இருக்குது?"

"எங்க ஊர்ல."

"அப்ப உங்கூர்ல போயிப் பேசிக்கோங்க கண்ணு. இது இந்த ஊரு சபைங்க."

ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். மரியபுஷ்பம் உட்காரவில்லை.

"வாடகை வாங்குறதுக்கு நாங்க இந்த ஊரு, வாயத் தொறந்தா அந்த ஊரா? நல்லாருக்கே உங்க கணக்கு!"

இந்தத் தடவை லைன் வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். கைதட்டினார்கள். குமாரசாமி என்னைப் பார்த்து, "கிளார்க்கு, ஓட்டு இருக்கறவங்களை மட்டும் எண்ணுங்க" என்றார்.

நான் கோமதி அம்மாவைப் பார்த்தேன். அவர் கடலை உரிப்பதை நிறுத்தியிருந்தார். "தலைவர் சொல்றது சரிதான். வாக்காளர் பட்டியல்ல இருக்கறவங்களை மட்டும்தான் எண்ணணும். கொடிக்கம்பத்துக்கு இந்தப் பக்கம் வாக்காளர், அந்தப் பக்கம் மத்தவங்கன்னு உக்கார வைங்க" என்றார்.

உட்கார வைத்தேன். நான்தான் பிரித்தேன். இருபது வருடமாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிற ஆட்களை அந்தப் பக்கம் போகச் சொன்னேன். கோமதி அம்மா மேல் எனக்குக் கோபம் என்று சொன்னேனே, இதற்காகத்தான். சட்டம் அப்படித்தான். அது எனக்கும் தெரியும். ஆனாலும் கோபம்.

அந்தப் பக்கம் பெரிய கூட்டம், இந்தப் பக்கம் சின்னக் கூட்டம். குமாரசாமி "கை தூக்குங்க" என்று சொல்லப் போனார். கோமதி அம்மா எழுந்து நடுவில் வந்து நின்றார்.

"எண்ணிக்கையில சேக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். பேசக் கூடாதுன்னு சொல்லலை. பேசறதுக்கு ஓட்டு வேண்டியதில்லை. தலைவர், ஒரு விசயம். இவங்களுக்கெல்லாம் ஓட்டு இங்க இருந்துதுன்னா நீங்க கேப்பீங்களா?"

குமாரசாமிக்குக் கையில் மைக் இருந்தது. முன்னால் அத்தனை ஜனம். இல்லை என்று சொல்ல முடியுமா? இப்படிச் சொன்னார், எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது: "அதென்னுங்க அப்படிக் கேட்டுப்போட்டீங்க! ஓட்டை இங்க மாத்திக்கிட்டு வரட்டுமுங்க. அப்பறம் அவங்க சொல்றதுதானுங்க தீர்மானம். குழியில ஒரு கூடைக் குப்பை விழுகாது. இது நான் குடுக்கற வாக்குங்க."

கோமதி அம்மா கூட்டத்தைப் பார்த்து, "எல்லாருக்கும் கேட்டுதா?" என்றார். கேட்டது என்று கத்தினார்கள். பொருள் தள்ளி வைக்கப்பட்டது. கூட்டம் முடிந்ததும் கோமதி அம்மா லைன் வீட்டுக்கு நடந்து போய், போர்க் குழாயைத் திறந்து இரண்டு கை ஏந்திக் குடித்தார். அப்படியே ஜீப்புக்குப் போய்விட்டார்.

ஓட்டை மாற்றுவது சின்ன வேலை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பேப்பர் வேலை சின்னதுதான். மற்றது பெரிது. தெற்கத்திக்காரர்கள் இங்கே எத்தனை வருடம் இருந்தாலும் ஓட்டை ஊரிலேயே வைத்திருப்பார்கள். தேர்தலுக்கு முதல்நாள் புதிய பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். பிள்ளை குட்டியோடு நின்றுகொண்டே போவார்கள். ஓட்டு அங்கே இருந்தால்தான் அந்த ஊரில் தனக்கு ஒரு பங்கு இருக்கிறது, என்றைக்காவது திரும்பிப் போகலாம் என்று ஒரு நம்பிக்கை. சட்டத்தில் அப்படி ஒன்றுமே கிடையாது. ஆனால் அவர்கள் மனதில் உண்டு. அவர்கள் சொந்தக்காரர்கள் மனதிலும் உண்டு.

மரியபுஷ்பம் வேலை விட்டு வந்து கதவு கதவாகத் தட்டினாள். சிலர் வைதார்கள். "குழித் தண்ணிக்காக ஊர விடச் சொல்லுதியா?" என்று ஒரு பெரியவர் அவளிடம் சண்டை போட்டதை நானே கேட்டேன். வாடகைக்கு விட்ட வீட்டுச் சொந்தக்காரர்கள் முகவரிக்குச் சான்று தர மறுத்தார்கள். அவர்களில் ஒருவர் என்னிடமே சொன்னார்: "ஓட்டு வந்துதுன்னா அப்பறம் காலி பண்ணச் சொல்ல முடியுங்களா? ஊடு போயிருமுங்க." போகாது என்று நான் தலையால் தண்ணி குடித்துச் சொன்னேன். கேட்கவில்லை. கடைசியில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துச் சான்றும் கேஸ் சிலிண்டர் புத்தகமும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள்.

அவளுடைய அண்ணன் ஊரிலிருந்து போன் செய்தார். அந்த வருடம் கோயில் திருவிழாவுக்கு அவள் வீட்டு வரியை வாங்கவில்லையாம். அவர்கள் ஊரில் மாதா கோயிலுக்கு வரி கொடுக்கிற வீடுதான் ஊர்க்கார வீடு. இதை என்னிடம் சொல்ல அவள் அலுவலகத்துக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, ஓட்டையே மாத்திட்டியே, பொறவு வரி எதுக்குங்கான் எங்கண்ணன். அப்பா வீட்டுல எனக்குள்ள அறையில நெல்லு மூட்டைய அடுக்கிட்டானாம்."

"மறுபடியும் மாத்திக்கலாம்மா. ஒண்ணும் கெட்டுப்போகலை" என்றேன்.

"மாத்தி என்ன செய்ய? புள்ளைங்க இங்கல்லா தண்ணி குடிக்கி" என்றாள். எழுந்து ஷிப்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தலில் குமாரசாமி லைன் வீடு லைன் வீடாகப் போனார். என்னமாய்க் கும்பிட்டார்! "நாஞ்சொன்ன வாக்கு அப்படியே இருக்குதுங்க. குழிக்கு நானே காவலு" என்றார். மொத்த லைனும் அவருக்குப் போட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் ஓட்டு இரண்டு மூன்றாகப் பிரிந்து கிடந்தது. லைன் வீட்டு ஓட்டு இல்லாவிட்டால் அவர் ஜெயித்திருக்க மாட்டார். நான் அப்போது ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தேன். அவர் பதவி ஏற்றபோது மாலை வாங்கி வைத்தது நான்தான். கோமதி அம்மா அதற்குள் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போயிருந்தார்.

சில மாதங்களாகக் குழிக்கு லாரி வருகிறது. பட்டப்பகலில் வருகிறது. பனியன் வெட்டுத் துணி, நூல் கோன், பாலிதீன், கறுப்பாக நாறுகிற ஏதோ ஒரு சேறு. லைன் வீட்டுப் போரில் தண்ணீர் மேல் எண்ணெய் மினுங்குகிறது. பிள்ளைகள் சொறிகிறார்கள். போன கிராம சபையில் திட்டத்தைப் புதிய செயலர் படித்தார். "பயன்பாடற்ற பாறைக்குழியைச் சமன்படுத்திச் சமுதாயக்கூடம் அமைத்தல்." பயன்பாடற்ற! புதிய செயலர் தலை நிமிரவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

மரியபுஷ்பம் எழுந்தாள். இந்தத் தடவை கொடிக்கம்பத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து எழுந்தாள். "தலைவரே, நீங்க கேட்டிய, நாங்க ஓட்டு மாத்துனோம். இப்ப எண்ணுங்க" என்றாள். அவளைச் சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். நான் பின்னால் நின்று பார்த்தேன். இந்தத் தடவை எண்ண எந்தச் சட்டமும் தடையில்லை.

குமாரசாமி எண்ணச் சொல்லவில்லை. "உக்காருங் அம்மணி, இது பழைய முடிவுங்க" என்று ஆரம்பித்து, நான் மேலே எழுதியிருக்கிற பொய்யைச் சொன்னார். என்னைக் கைகாட்டினார். டீ வரச் சொன்னார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் சேர்ந்து ஏமாற்றினேன் என்று நினைத்தாளோ என்னவோ.

அதனால் இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு மே தினக் கூட்டத்தில் குழியை மூடலாம் என்று எந்த முடிவும் ஆகவில்லை. எதிர்ப்புச் சொன்னவர்கள் கூட்டத்தில் பெரும்பாதி. வாக்கு கொடுத்தவர் குமாரசாமி. இதற்கு நான் சாட்சி. எந்த மேடைக்குக் கூப்பிட்டாலும் வந்து சொல்வேன்.

குமாரசாமி, நீங்கள் இதைப் படிப்பீர்கள். படிக்காவிட்டாலும் யாராவது படித்துக் காட்டுவார்கள். அடுத்த கிராம சபை வருகிறது. டீக்கு முன்னால், மைக் வேலை செய்கிறபோது, லைன் வீட்டுக்காரர்கள் முன்னால் நின்று பதில் சொல்லுங்கள். சொந்த ஊரை விட்டு ஓட்டை மாற்றி வந்தவர்கள் இதோ உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கையை எண்ணுவீர்களா, மாட்டீர்களா?